வீட்டில் இரும்புப் பைப் அறுக்க எந்த ரம்பம் வாங்கலாம்? கையைக் கடிக்காத விலையில் ஒரு முழுமையான வழிகாட்டி

மாடித்தோட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டு, பால்கனியில் துணி காயப்போட ஒரு சட்டம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒரு தாங்கி. இவற்றை நட்டு போல்ட்டு போட்டு வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்குபவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம், பைப்பை எதை வைத்து அறுப்பது என்ற கேள்விதான். தேடிப் பார்த்தால் முந்நூறு ரூபாய்க்கும் ரம்பம் இருக்கிறது, முப்பதாயிரத்துக்கும் இருக்கிறது. விற்பவர் எல்லோரும் தன்னுடையதுதான் வேண்டும் என்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலையில் வெட்டு நேராக வருவதும் கை பத்திரமாக இருப்பதும் ரம்பத்தின் விலையைவிட, பைப்பை அசையாமல் பிடித்திருக்கும் வைஸைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. நல்ல வைஸில் இறுக்கிய பைப்பை, கையால் தள்ளி அறுக்கும் சாதாரண ஹேக்ஸாவால் அழகாக அறுக்கலாம். காலால் மிதித்துப் பிடித்த பைப்பை எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாலும் ஒழுங்காக அறுக்க முடியாது, ஆபத்தும் கூட. அதனால் கையில் உள்ள பணத்தில் பாதியைப் பிடிமானத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் ரம்பம் தேடுங்கள்.

படி 1: எத்தனை வெட்டு என்று எண்ணுங்கள்

கடைக்குப் போகும் முன் வேலையை ஒரு தாளில் பிரித்து எழுத வேண்டும். உதாரணத்துக்கு இரண்டடுக்கு மாடித்தோட்ட ஸ்டாண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. சதுர பைப், தகட்டுக் கனம் 16 கேஜ். கால்கள் 75 செ.மீ. வீதம் 4, நீளவாட்டுச் சட்டங்கள் 120 செ.மீ. வீதம் 4, குறுக்குச் சட்டங்கள் 45 செ.மீ. வீதம் 4. மொத்தம் 12 துண்டுகள், 9.6 மீட்டர். பைப் பெரும்பாலும் 6 மீட்டர் நீளத்தில் (கடைக்காரர் 20 அடி என்பார்) வருவதால் இரண்டு நீளம் போதும். ஒன்றில் நான்கு 120-ம் இரண்டு 45-ம் எடுத்தால் 570 செ.மீ. ஆகும். மற்றதில் நான்கு 75-ம் இரண்டு 45-ம் எடுத்தால் 390 போக இரண்டு மீட்டருக்கு மேல் மிஞ்சும்.

ஆக, பன்னிரண்டு வெட்டு. ஹேக்ஸாவில் ஒரு வெட்டுக்கு ஓரிரு நிமிடம் என்று வைத்தாலும், குறிப்பது, இறுக்குவது எல்லாம் சேர்த்து ஒரு காலைப்பொழுதுக்குள் முடிகிற வேலை. இந்த அளவு வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வரும் என்றால் மோட்டார் ரம்பமே தேவையில்லை. மாதாமாதம் ஏதாவது செய்துகொண்டே இருப்பவருக்கு, சுழலும் வட்ட வீலால் அறுக்கும் 4 இஞ்சு கிரைண்டர். கேட், ஷெட், ஒரே அளவில் ஐம்பது அறுபது துண்டுகள் என்று போனால்தான் பெரிய கட்டிங் மெஷினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பைப் வாங்கும் கடையிலேயே வெட்டித் தருவார்களா என்று கேட்கவும் மறக்காதீர்கள். சென்னை செம்புதாஸ் தெரு போன்ற இரும்புச் சந்தைகளிலும், ஊர்ப்பக்க இரும்புக் கடைகளிலும் வண்டியில் ஏற்ற வசதியாக பைப்பைப் பாதியாக வெட்டித் தருவது வழக்கம். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டாவது பைப்பைச் சரிபாதியாக, 3 மீட்டரில் வெட்டிவிட்டால், ஒரு பாதியில் நான்கு கால்களும் வராது. 75-ஐ நான்கால் பெருக்கினால் 300 சரியாக வருகிறதே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பிளேடின் கனம் அளவுக்கு இரும்பு தூளாகப் போகிறது. பெரிய மெஷின் வீல் என்றால் வெட்டுக்கு 3 மி.மீ. சேதாரம். நாலாவது கால் குட்டையாகிவிடும். அதனால் ஒரு பாதியில் மூன்று கால்களும் ஒரு குறுக்குச் சட்டமும், மறுபாதியில் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் கையில் இருந்தால் கடைக்காரரிடம் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லலாம். நீளமான வெட்டுகள் அங்கேயே முடிந்துவிட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு.

படி 2: பைப்பின் கனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரம்பத்தின் பல்லைத் தீர்மானிப்பது பைப்பின் வெளியளவு கிடையாது, அதன் தகட்டுக் கனம். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6, 14 கேஜ் 2 மி.மீ. வீட்டுச் சாமான்களுக்கு இந்த மூன்றுதான் அதிகம் ஓடுகின்றன. கனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடை போட்டாலே போதும். 25 மி.மீ. சதுரத்தில் 1.6 மி.மீ. கனம் உண்மையிலேயே இருந்தால் 6 மீட்டர் நீளம் 7 கிலோ வர வேண்டும். ஐந்தரைக் கிலோ காட்டினால் அது 16 கேஜ் கிடையாது.

சாதா இரும்பு எனப்படும் எம்.எஸ். பைப்பை எதிலும் அறுக்கலாம். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு இருப்பதால் கிரைண்டரில் அறுக்கும்போது வரும் புகையையும் தூளையும் சுவாசிக்கக் கூடாது. காற்றோட்டமும் முகக்கவசமும் கட்டாயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதற்கென்றே ‘ஐநாக்ஸ்’ என்று அச்சிட்ட வீல் வேண்டும். சாதா இரும்பு அறுத்த வீலையே அதிலும் போட்டால், ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள் சில வாரத்தில் துருப்புள்ளியாகத் தெரியும்.

படி 3: முதலில் வைஸ்

4 இஞ்சு பெஞ்ச் வைஸ் ஒன்று வாங்கி, கனமான மேஜையிலோ பலகையிலோ போல்ட்டு போட்டு முடுக்கிவிடுங்கள். ஆயிரம் முதல் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் நல்லதே கிடைக்கும். வாங்கும்போது கடையிலேயே திருகிப் பாருங்கள். தாடைகள் மூடும்போது மேலும் கீழும் ஒரே மாதிரி சேர வேண்டும், நகரும் தாடையைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. வாடகை வீடு, ஓட்டை போட முடியாது என்றால் தடிமனான பலகையும் இரண்டு சி கிளாம்ப்பும் சமாளிக்கும்.

மெல்லிய பைப்பை வைஸில் முழு பலத்தோடு இறுக்கினால் சப்பையாகிவிடும். இருபுறமும் சிறிய மரத்துண்டு வைத்து இறுக்குங்கள். உருண்டைப் பைப்புக்கு மரக்கட்டையில் ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டி அதில் உட்கார வைத்தால் உருளாது. வெட்டும் இடம் தாடையிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளியிருந்தால் பைப் அதிரும், பல் உடையும்.

படி 4: ஹேக்ஸா, இதையே முதலில் வாங்குங்கள்

பட்டறைகளில் ஆக்ஸா பிளேடு என்பார்கள். மோட்டார் வாங்கப்போகிறவருக்கும் இது வேண்டும், ஏனென்றால் மின்சாரம் இல்லாதபோதும், இரவு நேரத்திலும், கிரைண்டர் எட்டாத இடத்திலும் கைகொடுப்பது இதுதான்.

பிரேமில் கஞ்சத்தனம் வேண்டாம். நூறு ரூபாய்க்கு வரும் மெல்லிய, நீளம் மாற்றக்கூடிய பிரேம்கள் பிளேடை விறைப்பாக இழுத்துப் பிடிக்காது. பிளேடு தொய்ந்தால் வெட்டு கோணல்மாணலாகத்தான் போகும். டபாரியா, ஸ்டான்லி போன்ற பெயர்களில் வரும் 12 இஞ்சு நிலையான பிரேம் முந்நூறு, நானூறு, கொஞ்சம் கூடினால் அறுநூறு ரூபாய். வருடக்கணக்கில் உழைக்கும்.

பிளேடில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பொருள். முழுக்கக் கடினப்படுத்திய பிளேடு கூர்மையாக இருக்கும், ஆனால் கை கொஞ்சம் வளைந்தாலும் படாரென்று ஒடியும். பழக்கம் இல்லாதவர்களுக்கு பை-மெட்டல் பிளேடுதான் சரி. வளையும் எஃகு முதுகில் கடினமான பல் ஓரம் பற்றவைக்கப்பட்டது, எளிதில் ஒடியாது. சாதா பிளேடைவிட விலை சில மடங்கு கூடுதல்தான், ஆனாலும் உழைப்பில் அதைத் திருப்பித் தந்துவிடும்.

மற்றொன்று பல் கணக்கு. இஞ்சுக்கு 18, 24, 32 என்று வரும். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறை விதி. 24 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 1 மி.மீ.க்குச் சற்று மேல். நம் 1.6 மி.மீ. தகட்டில் ஒன்றரைப் பல்தான் நிற்கும். தகடு இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்து, தள்ளும்போது பல்லைப் பிடுங்கிவிடும். 32 பல் பிளேடிலும் நேராக அறுத்தால் இரண்டு பல்தான். அதற்குத்தான் ரம்பத்தைச் சாய்த்துப் பிடிப்பது. கைப்பிடியைத் தாழ்த்தியோ உயர்த்தியோ 45 டிகிரி வாக்கில் சாய்த்தால், பிளேடு கடக்கும் தூரம் 1.6-லிருந்து 2.3 மி.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட மூன்று பல் கிடைத்துவிடுகிறது. ஆக 18, 16 கேஜ் பைப்புக்கு 32 பல், 2 மி.மீ.யிலிருந்து 24 பல்லும் ஓடும். 18 பல் பிளேடைப் பைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது கெட்டிக் கம்பிக்கும் ‘எல்’ வடிவ ஆங்கிளுக்கும்.

அறுக்கும் முறை இதுதான். பல்லின் முனை உங்களை விட்டு முன்னால் பார்க்கும்படி பிளேடை மாட்டுங்கள். நட்டைக் கையால் முடுக்கி, தொய்வு போன பிறகு இன்னும் இரண்டு மூன்று சுற்று. விரலால் சுண்டினால் ‘டிங்’ என்று கேட்க வேண்டும். குறித்த கோட்டில் அரத்தின் மூலையால் ஒரு சிறு பள்ளம் போட்டுக்கொண்டால் பிளேடு வழுக்காது. பைப்பின் மூலையில் ஆரம்பித்து, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்ப இழுக்கும்போது தளர்த்தி, பிளேடின் முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள். நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது தள்ளு போதும். வேகமாக அறுத்தால் பல் சூடாகி மழுங்கும். ஒரு பக்கத் தகடு முடிந்ததும் பைப்பைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடருங்கள், கோடு நான்கு பக்கமும் இருப்பதால் வெட்டு விலகாது.

பாதி வெட்டில் பிளேடு ஒடிந்தால் புதிய பிளேடை அதே பள்ளத்தில் விடக் கூடாது. தேய்ந்த பிளேடு போட்ட தடம் குறுகலாக இருக்கும், புதுப் பல்லின் விரிவு அதிகம். உள்ளே போய்ச் சிக்கி அதுவும் ஒடியும். பைப்பை எதிர்ப்பக்கம் திருப்பிப் புதிதாக ஆரம்பியுங்கள்.

படி 5: 4 இஞ்சு கிரைண்டர், பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்

ஏஜி4 என்று பட்டறைகளில் அழைக்கப்படும் 100 மி.மீ. ஆங்கிள் கிரைண்டர்தான் காசுக்கு அதிகம் உழைக்கும் மெஷின். அறுக்கும், வெட்டிய ஓரத்துப் பிசிறு தேய்க்கும், துருவெடுக்கும், டைல்ஸும் வெட்டும். 600 முதல் 850 வாட் வரை உள்ளது வீட்டுக்குப் போதும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் மெஷின் சுமார் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்குள் வரும். பெயரில்லாதது அதில் பாதி. நான் பெயர் தெரிந்ததையே சொல்வேன். காரணம், கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், கியர் எல்லாம் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், பழுது பார்ப்பவரும் கைவசம் வைத்திருப்பார்.

சுவிட்சைக் கவனியுங்கள். முன்னால் தள்ளினால் பூட்டிக்கொண்டு ஓடும் சுவிட்ச் ஒன்று, அழுத்திக்கொண்டிருந்தால் மட்டும் ஓடும் சுவிட்ச் இன்னொன்று. இரண்டாவது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். பூட்டிக்கொள்ளும் சுவிட்சில், வேலை நடுவே கரண்ட் போய், மெஷினைக் கீழே வைத்துவிட்டு மறந்துபோனால், கரண்ட் வந்ததும் அது தரையில் துள்ளி ஓட ஆரம்பிக்கும். அந்த வகைதான் கையில் இருக்கிறது என்றால், கரண்ட் போனவுடன் பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வீல் விஷயத்தில் மெல்லியது நல்லது. 1 மி.மீ. கனமுள்ள கட்டிங் வீல் சீக்கிரம் அறுக்கும், சூடு குறைவு, சேதாரம் குறைவு. 2.5, 3 மி.மீ. வீல் வாங்கினால் பைப் நீலம் பாரித்துப் பிசிறு தடித்துவிடும். வீலின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 4 இஞ்சு மெஷின் நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று ஓடும், வீலில் பொதுவாக 15,000-க்கு மேல் போட்டிருக்கும். வீல் பிசினால் ஒட்டப்பட்ட பொருள், அதற்கு ஆயுள் உண்டு. நடுவில் இருக்கும் உலோக வளையத்திலோ லேபிளிலோ காலாவதி மாதமும் வருடமும் இருந்தால் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரத்தில் கிடந்ததையும், கீழே விழுந்ததையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு வீல் இருபது, முப்பது, மிஞ்சினால் ஐம்பது ரூபாய். அதைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

மூன்று விஷயங்களை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வீலை மறைத்திருக்கும் கார்டைக் கழற்றாதீர்கள், கார்டைக் கழற்றிப் பெரிய வீல் மாட்டுவது அதைவிட மோசம். மரம் அறுக்கும் பல் பிளேடை இந்த மெஷினில் போடாதீர்கள், அது பிடித்துக்கொண்டால் மெஷினைக் கையிலிருந்து பிடுங்கி முகத்தை நோக்கி வீசும். மெல்லிய கட்டிங் வீலின் பக்கவாட்டில் எதையும் தேய்க்காதீர்கள், வீல் விண்டு சிதறும். பிசிறு தேய்க்க தனி வீல் இருக்கிறது.

கிரைண்டரைப் பொருத்தும் சிறிய ஸ்டாண்டுகளும் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கின்றன. தகட்டில் அடித்துச் செய்தவை ஆடுகின்றன, வெட்டு நேராக வருவதில்லை. வார்ப்பு அடித்தளம் உள்ளது கிடைத்தால், கீல் ஆட்டம் இல்லாமல் இருந்தால், 25 மி.மீ. பைப்புகளுக்குப் பயனுண்டு. இல்லையென்றால் அந்தக் காசை வைஸில் சேருங்கள்.

படி 6: 14 இஞ்சு கட்டிங் மெஷின் தேவையா?

சாப் சா, கட் ஆஃப் மெஷின் என்றெல்லாம் அழைக்கப்படும் 355 மி.மீ. வீல் மெஷின் வெல்டிங் பட்டறைகளில் அலறிக்கொண்டிருப்பது. ஏழெட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை ஆகும். நீளமான பைப்பைப் படுக்க வைத்து, வைஸில் இறுக்கி, கைப்பிடியை அமுக்கினால் சில நொடியில் வெட்டிவிடும். தடுப்பை 45 டிகிரிக்குத் திருப்பினால் சட்டத்தின் மூலைக்குச் சாய்வு வெட்டும் வரும். ஒரே அளவில் நிறையத் துண்டு வேண்டுமென்றால் ஒரு கட்டையைத் தடையாக வைத்து வரிசையாக அறுத்துக்கொண்டே போகலாம்.

ஆனால் வீட்டுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷினைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருக முடியாது, அதில் சுமார் 1,380 வாட்தான் எடுக்கலாம். ஏ.சி., கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். அப்படியே இருந்தாலும் ஆரம்ப இழுப்பில், அதிக மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழுவது உண்டு. எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியாக இருக்க வேண்டும். மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கி மோட்டார் சூடாகும். எடை 15 கிலோவுக்கு மேல், சத்தமும் பொறியும் அக்கம்பக்கத்தில் சண்டை இழுக்கும். வீல் வளையும் என்பதால் அவசரமாக அமுக்கினால் வெட்டு நூல் பிடித்தாற்போல் வராது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை மறந்துவிடலாம். தனி வீடு, பின்பக்கம் இடம், கேட்டும் கொட்டகையும் நீங்களே போடும் திட்டம் என்றால் வாங்குங்கள்.

பழையது வாங்குவதானால் கீலைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். மெஷினை வீல் இல்லாமல் ஓடவிட்டு, பேரிங் கரகரப்பு கேட்கிறதா, பிரஷ் பக்கம் சுற்றிலும் வளையமாகப் பொறி தெரிகிறதா என்று கவனியுங்கள்.

இதே உருவத்தில், மிகக் கடினமான கார்பைடு பல் வைத்த பிளேடு போட்ட மெஷினும் உண்டு. பொறி குறைவு, வெட்டு சில்லென்று பளபளவென்று வரும். அது நிமிடத்துக்கு 1,300, 1,500 சுற்றில் ஓடுவது. சாதா கட்டிங் மெஷின் 3,800 வாக்கில் ஓடும். ‘அந்த பிளேடை மட்டும் வாங்கி இதில் மாட்டிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வேகத்தில் பல் தெறித்தால் தோட்டா போலப் பாயும்.

மற்றவை, சுருக்கமாக

குட்டி பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக்சா ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மெல்லிய பல் உள்ள உலோக பிளேடு போட்டு, வேகத்தைக் குறைத்து பைப் அறுக்கலாம். இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். உருண்டைப் பைப் மட்டும்தான் என்றால் பிளம்பர்கள் வைத்திருக்கும் சக்கரப் பைப் கட்டர் சத்தமில்லாமல், பொறியில்லாமல் வெட்டும், உள்பக்கம் எழும் விளிம்பை மட்டும் அரத்தால் எடுக்க வேண்டும். பேட்டரி கிரைண்டர், அதே பேட்டரியில் ஓடும் டிரில் உங்களிடம் இருந்தால் மட்டும் லாபம்.

வளையமான பட்டை பிளேடு சுற்றி ஓடும் பேண்ட் சாதான் உண்மையில் மனதுக்குப் பிடித்த ரம்பம். மெதுவாக ஓடும், பொறி இல்லை, வெட்டிய முகம் வழவழவென்று வரும், நேராக நிற்கும். நிரந்தரமாக ஒரு சின்னப் பட்டறை வைக்க இடமும், நிறைய வேலையும் இருப்பவர்கள் கோவை, அம்பத்தூர் பக்கம் பழைய மெஷின் விற்பவர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம். மெல்லிய பைப்புக்கு இஞ்சுக்கு 14–18 பல் கலந்த பிளேடு கேளுங்கள். வருடத்துக்கு ஒரு ஸ்டாண்டு செய்பவருக்கு இது தேவைக்கு மிஞ்சிய செலவு.

படி 7: பட்ஜெட்டைப் பிரிப்பது

இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால்: வைஸ், நல்ல ஹேக்ஸா பிரேம், 32 பல் பை-மெட்டல் பிளேடு இரண்டு, ஒரு தட்டையான அரம், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம். மாடித்தோட்ட ஸ்டாண்டு இதிலேயே முடியும்.

ஐந்தாறாயிரம் என்றால் மேலே சொன்னதோடு 4 இஞ்சு கிரைண்டர், 1 மி.மீ. வீல் பத்து, பிசிறு தேய்க்கும் ஃபிளாப் வீல் ஒன்று, கண்ணாடி, முகத்தடுப்பு, காதடைப்பு. பெரும்பாலான வீடுகள் இங்கேயே நின்றுவிடலாம். இதற்கு மேல் பணம் இருந்தாலும் முதலில் 6 இஞ்சு வைஸுக்குப் போங்கள், பிறகு கட்டிங் மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

படி 8: இடத்தைத் தயார் செய்வது

கிரைண்டர் பொறி அணைந்து விழும் சாம்பல் என்று நினைப்பவர்கள் அதிகம். அது எரியும் இரும்புத் துகள். ஜன்னல் கண்ணாடியில் பட்டால் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. கார் கண்ணாடிக்கும் அதே கதி. மொட்டை மாடியின் வெள்ளை டைல்ஸில் விழுந்ததைப் பெருக்காமல் விட்டால், ஒரு மழைக்குப் பிறகு தரை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அறுப்பதற்கு முன் பழைய தகடு ஒன்றைப் பொறி பாயும் திசையில் சாய்த்து நிறுத்தி, முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டி, ஒரு காந்தத்தை உருட்டி எடுத்துவிடுங்கள்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். காய்ந்த தென்னை நார்க்கழிவு மூட்டை, சருகு, நிழல்வலை மூன்றும் பொறிக்கு இரை. நார்க்கழிவு உடனே பற்றி எரியாது, உள்ளுக்குள் கங்காக இருந்து அரைமணி, ஒருமணி கழித்துப் புகையும். எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, வேலை முடிந்து அரைமணி கழித்து மறுபடி மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் சட்டையில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். லுங்கி, துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் கூடாது. மூடிய காலணி, பக்கவாட்டும் மூடும் கண்ணாடி, அதன் மேல் முகத்தடுப்பு. ஈரத் தரையில் மின்கருவியைத் தொடவே வேண்டாம்.

படி 9: குறிப்பதும் வெட்டுவதும்

மூலைமட்டத்தைப் பைப்பின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் மட்டும் சாய்த்து நான்கு முகத்திலும் கோடு இழுங்கள். நான்காவது கோடு முதல் கோட்டில் வந்து சேர்ந்தால் சரி. சேரவில்லை என்றால் மட்டத்தில் கோளாறு, அல்லது நீங்கள் சாய்த்த பக்கம் மாறியிருக்கிறது. உருண்டைப் பைப்பில் நேர் விளிம்புள்ள தாளைச் சுற்றி, விளிம்பும் விளிம்பும் ஒட்டும்படி வைத்து, அதை ஒட்டிக் கோடு போடுங்கள். சாக்பீஸ் கோடு தடிமனாக இருக்கும், இரும்பு முள்ளால் கீறுவதே துல்லியம். கழிவுப் பக்கத்தில் சின்னப் பெருக்கல் குறி போடுங்கள். வெட்டு அந்தப் பக்கமாகவே போக வேண்டும், கோடு உங்கள் துண்டில் மிஞ்ச வேண்டும்.

கிரைண்டரில் புது வீல் மாட்டியதும் பைப்பைத் தொடாமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள், வீலின் நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று. பிறகு இரண்டு கையாலும் பிடித்து, முதலில் நான்கு முகத்திலும் கோட்டின் மேல் அரை மி.மீ. ஆழத்துக்குத் தடம் போடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு முகமாக வெட்டி முடியுங்கள். ஒரே மூச்சில் மேலிருந்து கீழ்வரை போக முயலாதீர்கள். கார்டும் கியர்த் தலையும் இருப்பதால் 4 இஞ்சு வீல் 25, 30 மி.மீ.க்கு மேல் இறங்காது, அதற்குள் கோணலும் ஆகிவிடும். மெஷினின் எடையே போதிய அழுத்தம், நீங்கள் அமுக்கத் தேவையில்லை.

வெட்டி விழப்போகும் துண்டு சுதந்திரமாகக் கீழே சாய இடம் விடுங்கள். இரண்டு முனையையும் தாங்கி நடுவில் வெட்டினால் பைப் தொய்ந்து வெட்டுவாய் மூடி வீலைக் கடித்துப் பிடிக்கும், அந்த நொடியில்தான் மெஷின் உதைக்கும். நீளமான துண்டு என்றால் தாங்கியை வெட்டுவாய் திறக்கும் உயரத்தில் வையுங்கள். சுவிட்சை விட்டதும் வீல் முழுதாக நின்ற பிறகே மெஷினைக் கீழே வையுங்கள். வெட்டிய முனை கையைச் சுடும் சூட்டில் இருக்கும், உடனே தொடாதீர்கள்.

ஒரே அளவில் வரவேண்டிய நான்கு கால்களை வெட்டும்போது ஒவ்வொன்றுக்கும் டேப் வைத்து அளக்காமல், முதல் துண்டைச் சரியாக வெட்டி, அதை வைத்தே மற்ற மூன்றையும் குறியுங்கள். நான்கையும் தரையில் நிற்க வைத்துத் தலையைத் தடவிப் பாருங்கள், ஒரு மி.மீ. வித்தியாசத்தையும் விரல் கண்டுபிடித்துவிடும். அந்த அளவு வித்தியாசத்தை அரத்தால் சரிசெய்யலாம்.

படி 10: முனையை முடிப்பது

வெளிப்பிசிறைத் தட்டை அரத்தாலோ ஃபிளாப் வீலாலோ, உள்பிசிறை அரைவட்ட அரத்தாலும் எடுத்துவிடுங்கள். பிசிறோடு விட்ட முனை கையைக் கிழிக்கும், பிளாஸ்டிக் மூடியும் உள்ளே போகாது. அறுத்த இடத்தில் தூளும் எண்ணெயும் போகத் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். கடற்கரை ஊர்களில் ஓர் இரவு விட்டாலே துரு பூக்கும். ஜி.ஐ. பைப்பில் வெட்டிய முகத்தில் பூச்சு போயிருக்கும், அங்கே துத்தநாகம் கலந்த பெயிண்ட் தடவ வேண்டும். தொட்டித் தண்ணீர் ஒழுகும் ஸ்டாண்டு என்பதால் மேல் முனைகளை மூடியால் அடைத்து, கால்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள்.